டிஸ்சார்ஜுக்குப் பிறகு அவர் எங்கே தங்குவது? வீடு, இடைநிலை இல்லம், கூட்டு வீடு, விடுதி: ஓர் ஒப்பீடு

குடியையோ தூக்க மாத்திரைப் பழக்கத்தையோ விடுவதற்காக மருத்துவமனையில் சேர்ந்த பெண்ணுக்கு இன்னும் சில நாளில் டிஸ்சார்ஜ். கூடவே பைபோலாரோ (மிதமிஞ்சிய உற்சாகமும் சோர்வும் மாறி மாறி வரும் நோய்), மனச்சிதைவோ (ஸ்கிசோஃப்ரினியா), வருடக்கணக்காக விடாத மனச்சோர்வோ இருக்கிறது, அதற்கும் மருந்து ஓடுகிறது. இந்த நிலையில் என்னிடம் வருகிற கேள்வி பெரும்பாலும் ஒன்றுதான்: "நேரே வீட்டுக்குக் கூட்டி வந்துவிடலாமா, இல்லை கொஞ்ச நாள் வேறு எங்காவது தங்க வைக்கலாமா?" கேட்பவர் அம்மாவாகவோ அக்காவாகவோ இருப்பார். சில சமயம் அந்தப் பெண்ணே கேட்பார், தயங்கித் தயங்கி, வீட்டுக்குப் போகப் பிடிக்கவில்லை என்று சொன்னால் தப்பாகிவிடுமோ என்ற பயத்தோடு.

தப்பில்லை. அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

ஆண்களுக்கு இந்தக் கேள்வி அவ்வளவாக எழுவதே இல்லை. குடிநோய் சிகிச்சை முடிந்து வரும் கணவனை மனைவி கூட்டிக்கொண்டு போவார், அவ்வளவுதான். 2019-ல் வெளியான போதைப் பழக்கம் பற்றிய தேசிய ஆய்வில் 10 முதல் 75 வயது வரை உள்ள ஆண்களில் 27.3 சதவீதம் பேரும் பெண்களில் 1.6 சதவீதம் பேரும் மது அருந்துவதாகக் கணக்கு வந்தது. அதனால் மையங்கள், படுக்கைகள், குழுக் கூட்டங்கள் எல்லாமே ஆண்களை மனதில் வைத்துத்தான் கட்டப்பட்டிருக்கின்றன. ஆனால் பெண் உடம்பு குறைந்த அளவிலேயே அதிகம் பாதிக்கப்படும், குடிக்கத் தொடங்கியதற்கும் அடிமையாவதற்கும் நடுவே உள்ள காலமும் சுருக்கம். வெட்கத்தால் மறைத்து வைப்பதால் சிகிச்சைக்கு வந்து சேரும்போதே நோய் முற்றியிருக்கும்.

சரி, இனி விஷயத்துக்கு வருவோம்.

## எதை வைத்து அளப்பது

இரண்டு நோயையும் ஒன்றாகப் பார்க்கிறார்களா? என் கணக்கில் இதுதான் முதல் அளவுகோல். சென்னையையே எடுத்துக்கொள்ளுங்கள். குடி, போதை சிகிச்சைக்கென்று சாந்தி ரங்கநாதன் 1980-ல் தொடங்கியது டி.டி.கே. மருத்துவமனை. மனச்சிதைவுக்கென்று டாக்டர் சாரதா மேனன் 1984-ல் தொடங்கியது ஸ்கார்ஃப். தெருவில் தவிக்கும் மனநோயுற்ற பெண்களுக்காக வந்தனா கோபிகுமாரும் வைஷ்ணவி ஜெயக்குமாரும் 1993-ல் தொடங்கியது பான்யன். மூன்றுமே பெரிய காரியங்கள். ஆனால் போதை ஒரு பக்கமும் மனநோய் இன்னொரு பக்கமுமாக வளர்ந்த வரலாறு இதிலேயே தெரிகிறது. இரண்டும் சேர்ந்து இருக்கும் பெண் நடுவில் மாட்டிக்கொள்கிறார். சில போதை மீட்பு இல்லங்களில் "மாத்திரையும் போதைதான், எல்லாவற்றையும் விட்டுவிடு" என்று மனநல மருந்தையே நிறுத்தச் சொல்கிறார்கள். பைபோலாருக்கு எடுக்கும் லித்தியத்தைத் திடீரென்று நிறுத்தினால் பைபோலார் திரும்பி வந்து நிற்கும், அதன் பின்னாலேயே குடியும் வரும். அப்படிச் சொல்கிற இடத்தில் கட்டணம் எவ்வளவு என்று கேட்கக்கூட வேண்டாம், எழுந்து வந்துவிடுங்கள்.

மறுபடி குடித்துவிட்டால் அன்று ராத்திரி அவர் எங்கே படுப்பார்? இதை இந்த வார்த்தைகளிலேயே கேளுங்கள். "எங்கள் இல்லத்தில் அப்படி நடக்காது" என்பது பதில் ஆகாது. ராத்திரி ஒன்பது மணிக்குப் பையோடு வாசலில் நிறுத்துவது ஆணுக்கே ஆபத்து, பெண்ணுக்கு அதைவிடப் பெரிய ஆபத்து. இன்னொன்றும் இருக்கிறது. சில வாரம் போதையை நிறுத்திய உடம்பு பழைய அளவைத் தாங்காது, ஓபியம் வகைப் போதையில் முக்கியமாக. முன்பு எடுத்த அதே அளவு இப்போது உயிரையே எடுக்கலாம்.

குழந்தை. இதைப் பேசாமல் எடுக்கிற எந்த முடிவும் இரண்டே வாரத்தில் உடையும். குழந்தையைப் பார்க்க முடியாத தாய் எந்த நல்ல இல்லத்திலிருந்தும் கிளம்பிவிடுவார்.

பணம். சொல்லும் கட்டணம் ஒன்று, ஆகும் செலவு வேறு. ஒவ்வொன்றிலும் தனித்தனியாகச் சொல்கிறேன்.

ஆறு மாதம் கழித்து அவரால் என்னென்ன தானாகச் செய்ய முடியும்? மருந்தைத் தானே எடுத்துக்கொள்வது, பேருந்தில் தனியாக மருத்துவமனைக்குப் போவது, ஏடிஎம் அட்டையைக் கையில் வைத்துக்கொள்வது, வேலைக்குப் போவது. "அவரை யார் பார்த்துக்கொள்வது" என்று மட்டும் யோசிக்கிற குடும்பங்கள் இந்தக் கேள்வியை விட்டுவிடுகின்றன. காவல் பலமாக இருக்கிறது என்பதற்காகத் தேர்ந்தெடுத்த இடத்தில் அவர் வருடக்கணக்கில் நின்றுபோய்விடுவார்.

## வீட்டுக்கே திரும்புவது

வீட்டில் யாரும் குடிப்பதில்லை, அடி உதை இல்லை, பகலில் ஒருவராவது இருக்கிறார், மருத்துவமனை ஒரு பேருந்து தூரத்தில் இருக்கிறது, அவரும் வீட்டுக்குப் போகத்தான் ஆசைப்படுகிறார் என்றால் இதுவே நல்ல வழி. குழந்தை பக்கத்தில் இருக்கும். குடியை விட முயல்பவர்கள் ஒன்றுகூடிப் பேசும் ஏஏ (ஆல்கஹாலிக்ஸ் அனானிமஸ்) கூட்டங்கள் பல ஊர்களில் நடக்கின்றன, குடும்பத்தாருக்கென்று அல்-அனான் கூட்டங்களும் உண்டு. அம்மாவோ அக்காவோ அதற்குப் போவது அவருக்குச் செய்கிற உதவியில் பாதி.

ஆனால் ஒன்றை யோசித்துப் பாருங்கள். சிகிச்சை முடிந்து வரும் ஆணுக்கு வீடு ஓய்வெடுக்கும் இடம். பெண்ணுக்கு அது வேலை செய்யும் இடம். வந்த மறுநாள் காலை ஐந்தரைக்கே அடுப்படி காத்திருக்கும். ராத்திரி எடுக்கும் மருந்தின் அசதி காலை எட்டு வரை கண்ணைத் திறக்கவிடாது, வீட்டில் அதற்குச் சோம்பேறித்தனம் என்று பெயர் வரும். மூன்றாம் நாள் அவர் மருந்தை நிறுத்திவிட்டு எழுந்து தோசை வார்ப்பார், வீடே "பரவாயில்லை, தேறிவிட்டாள்" என்று சந்தோஷப்படும். சரிவு அங்கேதான் தொடங்குகிறது. அசதி அதிகமென்றால் மருந்து நேரத்தை மாற்றலாமா என்று டாக்டரிடம் கேளுங்கள். காலை வேலையை இரண்டு மாதத்துக்கு யார் எடுத்துக்கொள்வது என்பதை டிஸ்சார்ஜுக்கு முன்பே பேசி முடியுங்கள்.

மறைந்த செலவு: பணமாகப் பார்த்தால் இது மலிவு. ஆனால் யாரோ ஒருவர் வேலையை விட வேண்டியிருக்கும், அநேகமாக இன்னொரு பெண். அப்புறம் சந்தேகம். பையைச் சோதிப்பது, பாத்ரூம் கதவைத் தட்டுவது, போனை வாங்கிப் பார்ப்பது. வீட்டோடு உறவு கெடுவது பெரும்பாலும் இதனால்தான்.

இன்னொன்றைக் கொஞ்சம் அழுத்தியே சொல்கிறேன். குடியை நிறுத்தக் கொடுக்கும் டைசல்ஃபிராம் மருந்தை அவருக்குத் தெரியாமல் சாம்பாரிலோ காபியிலோ கலக்காதீர்கள். ஆண்களுக்கு இப்படிச் செய்கிற வழக்கம் நம் ஊரில் நிறைய இருக்கிறது, பெண்களுக்கும் செய்கிறார்கள். அந்த மருந்து உள்ளே இருக்கும்போது மது போனால் ரத்த அழுத்தம் விழுந்து உயிருக்கே ஆபத்தாகலாம். தெரிந்து, சம்மதித்து, டாக்டர் மேற்பார்வையில் எடுக்க வேண்டிய மருந்து அது.

கணவர் குடிக்கிறார், அல்லது அடிக்கிறார் என்றால் இந்த வழியை விட்டுவிடுங்கள். "அவர் மாறுவதாகச் சொல்லியிருக்கிறார்" என்பதை நம்பி ஒரு பெண்ணின் மீட்பைப் பணயம் வைக்கக் கூடாது.

## இடைநிலை இல்லம்

ஹாஃப்வே ஹோம் என்று சொல்வார்கள். மருத்துவமனைக்கும் வீட்டுக்கும் நடுவே சில மாதம் முதல் ஒரு வருடம் வரை தங்கும் இடம். ஊழியர்கள் இரவும் பகலும் இருப்பார்கள், நாளுக்கு ஓர் ஒழுங்கு இருக்கும், கவுன்சிலர் வருவார், மனநல மருத்துவர் வாரம் ஒருமுறையாவது பார்ப்பார். 2017-ஆம் ஆண்டின் மனநலப் பராமரிப்புச் சட்டம் இடைநிலை இல்லங்களை அரசு தர வேண்டிய சேவைகளில் ஒன்றாகவே சொல்கிறது. மது, போதையோடு வரும் மனநிலைக் கோளாறுகளும் அந்தச் சட்டத்தின் மனநோய் வரையறைக்குள் அடங்கும். நடைமுறையில் பெண்களுக்கான இல்லங்கள் குறைவு, அவையும் பெரும்பாலும் பெரிய நகரங்களில்தான்.

முன்பு நிறுத்திப் பார்த்து மறுபடி மறுபடி சரிந்தவர், மருந்தைத் தானாக எடுக்க இன்னும் முடியாதவர், தற்கொலை எண்ணம் சமீபத்தில் வந்துபோனவர், திரும்பிப்போகப் பாதுகாப்பான வீடில்லாதவர் ஆகியோருக்கு இதைத்தான் நான் முதலில் சொல்வேன்.

இல்லத்தைப் பார்க்கப் போகும்போது பூந்தொட்டியையும் டைல்ஸையும் விட்டுவிட்டு மாலை மருந்து நேரத்தில் போய் நில்லுங்கள். நான் பார்த்த ஓர் இல்லத்தில் நர்ஸ் தட்டில் பெயர் எழுதிய சின்னக் கிண்ணங்களை வைத்திருந்தார். ஒரு பெண் வந்து "இன்றைக்கு இந்த மஞ்சள் மாத்திரை எதற்கு?" என்று கேட்டார். நர்ஸ் அட்டையைத் திருப்பிப் பெயரைக் காட்டி, டாக்டர் அளவைக் கூட்டியதைச் சொன்னார். அந்தப் பெண் பெயரை ஒருமுறை வாய்விட்டுப் படித்துப் பார்த்துவிட்டு விழுங்கினார். இரண்டு நிமிடம்கூட ஆகவில்லை. அந்த இல்லத்தைப் பற்றி அலுவலக அறையில் ஒரு மணி நேரம் கேட்டதைவிட எனக்கு அதில் அதிகம் புரிந்தது. வேறோர் இடத்தில் எல்லோரையும் வரிசையில் நிறுத்தி, உள்ளங்கையில் மாத்திரையைக் கொட்டி, வாயைத் திறக்கச் சொல்லி டார்ச் அடித்தார்கள். யாரும் எதுவும் கேட்கவில்லை. அங்கே ஆறு மாதம் இருந்து வெளியே வருபவருக்குத் தன் மருந்தின் பெயர்கூடத் தெரிந்திருக்காது.

சட்டப்படி அவருக்கு என்னென்ன உண்டு என்பதைத் தெரிந்துவைத்துக்கொள்ளுங்கள். சங்கிலி கூடாது. கட்டாய மொட்டை கூடாது. சீருடையைத் திணிக்கக் கூடாது. வேலை செய்யக் கட்டாயப்படுத்தக் கூடாது, செய்தால் கூலி தர வேண்டும். மாதவிடாய்க் காலத்துக்கு வேண்டியவை கிடைக்க வேண்டும். மூன்று வயதுக்குட்பட்ட குழந்தையைச் சாதாரணமாகத் தாயிடமிருந்து பிரிக்கக் கூடாது. தானாக விரும்பிச் சேர்ந்தவர் போகிறேன் என்றால் விட வேண்டும், தேவைப்பட்டால் மனநல மருத்துவர் பரிசோதனைக்காக 24 மணி நேரம் வரை நிறுத்திவைக்கலாம். இல்லம் மாநில மனநல ஆணையத்தில் பதிவாகியிருக்க வேண்டும், சான்றிதழைக் காட்டச் சொல்லுங்கள். கேட்கக் கூச்சமாக இருந்தால் ஏர்வாடி மனநலக் காப்பகத்தை நினைத்துக்கொள்ளுங்கள். 2001 ஆகஸ்ட் 6 அதிகாலை தீப்பிடித்தபோது கட்டிப்போடப்பட்டிருந்த 28 பேர் தப்ப வழியில்லாமல் கருகிப்போனார்கள். அவர்களையும் "பார்த்துக்கொள்வார்கள்" என்று நம்பித்தான் குடும்பங்கள் விட்டுவிட்டுப் போயிருந்தன.

மறைந்த செலவு: மாதக் கட்டணத்துக்கு மேல் மருந்து, ரத்தப் பரிசோதனை (லித்தியம், மனச்சிதைவுக்கான குளோசபின் எடுப்பவர்களுக்கு இது அவசியம், தள்ளிப்போட முடியாது), சோப்பு முதல் நாப்கின் வரையான கைச்செலவு, நீங்கள் போய்வரும் பயணம். எது கட்டணத்தில் அடங்கும், எது அடங்காது என்று எழுதி வாங்குங்கள். மூன்று வயது தாண்டிய குழந்தையை வேறு யாராவது பார்க்க வேண்டும். பெரிய செலவு இன்னொன்று இருக்கிறது: அவர் இல்லாத வீடு அவர் இல்லாமலே ஓடப் பழகிவிடும். ஞாயிறு தவறாமல் போனவர்கள் மாதம் ஒருமுறை போவார்கள், அவருடைய அறை தம்பிக்குப் போகும், அலமாரி காலியாகும். போன வருடம் இங்கிருந்து எத்தனை பேர் வெளியே போனார்கள், எங்கே போனார்கள் என்று நிர்வாகியிடம் கேளுங்கள். பதில் சொல்லத் தடுமாறினால் அது இடைநிலை இல்லம் இல்லை, காப்பகம்.

## நாலைந்து பெண்கள் சேர்ந்த கூட்டு வீடு

சாதாரணத் தெருவில் சாதாரண வாடகை வீடு. நாலைந்து பெண்கள். சமையல், கடை, வாடகை எல்லாம் பங்கு. உதவிக்கு ஒருவர் வந்துபோவார் அல்லது கூடவே தங்குவார். பான்யன் 2015 முதல் நடத்தும் ஹோம் அகெய்ன் இந்த வகைதான். நிறுவனத்தில் நெடுங்காலம் இருந்த, திரும்பிப்போக வீடில்லாத பெண்கள் அங்கே குடும்பம் மாதிரி வாழ்கிறார்கள். அது போதை மீட்புக்கென்று உருவானதல்ல, ஆனால் கடும் மனநோய் உள்ள பெண்கள் ஆதரவோடு தெருவுக்குள் வாழ முடியும் என்று காட்டியது.

போதைப் பக்கம் பார்த்தால் அமெரிக்காவின் ஆக்ஸ்ஃபோர்ட் ஹவுஸ். 1975-ல் மேரிலாந்து மாநிலத்தில் சில்வர் ஸ்பிரிங் என்ற ஊரில் பால் மொல்லாய் தொடங்கினார். ஊழியர் கிடையாது, தங்குபவர்களே வாக்களித்து நடத்துவார்கள், வாடகையைப் பகிர்வார்கள், எத்தனை நாள் தங்கலாம் என்ற வரம்பு இல்லை, குடித்தால் வெளியேற வேண்டும். 2006-ல் வெளியான ஓர் ஆய்வில், சிகிச்சை முடித்த 150 பேரைக் குலுக்கல் முறையில் இரண்டாகப் பிரித்து இரண்டு வருடம் தொடர்ந்தார்கள். வழக்கமான தொடர் சிகிச்சைக்குப் போனவர்களில் ஏறக்குறைய 65 சதவீதம் பேர் மறுபடி போதையைத் தொட்டிருந்தார்கள். ஆக்ஸ்ஃபோர்ட் ஹவுஸில் தங்கியவர்களில் 31 சதவீதம். பாதிக்கும் குறைவு. கூட இருப்பவர்களும் அதே பாதையில் வந்தவர்கள் என்பதற்கு இவ்வளவு பலம் இருக்கிறது.

நான் மனதார விரும்புவது இந்த வழியைத்தான். ராத்திரி இரண்டு மணிக்குக் கை நடுங்கி எழுந்தால் பக்கத்துப் பாயில் இருப்பவருக்கு விளக்கிச் சொல்ல வேண்டியதில்லை. குளிர்சாதனப் பெட்டியில் ஒட்டிய தாளில் இன்று யார் சமையல், யார் சிலிண்டர் புக் செய்வது, யாருக்கு மருத்துவமனை நாள் என்று எழுதியிருக்கும், அதில் தன் பெயரைப் பார்ப்பதே ஒரு மருந்துதான். எல்லோரிடமும் வாசல் சாவி இருக்கும்.

ஆனால் எல்லோருக்கும் இது பொருந்தாது. மனநிலை ஓரளவு நிலைத்து, மருந்தைத் தானே எடுக்கப் பழகியவருக்கே சரி. யாரும் பேசாமலே காதில் குரல்கள் இன்னும் கேட்கிற பெண்ணை, மருந்து நேற்றுத்தான் மாற்றப்பட்ட பெண்ணை ஊழியர் இல்லாத வீட்டில் விட முடியாது. குடித்தால் வெளியே என்ற விதியை அப்படியே இங்கே வைத்தாலும் சிக்கல். வெளியேறுபவர் அன்று ராத்திரி மருத்துவமனைக்குப் போகிறாரா, அக்கா வீட்டுக்கா என்று சேரும்போதே எழுதிவைத்தால்தான் அந்த விதி பாதுகாப்பானது. ஒருவர் சரிந்தால் கூட இருக்கும் இரண்டு பேர் ஆடிப்போவார்கள், அதற்கும் ஒரு கவுன்சிலர் கூப்பிடு தூரத்தில் வேண்டும்.

மறைந்த செலவு: அட்வான்ஸ், பாத்திரம் பண்டம், ஒருவர் விலகினால் அவர் பங்கு வாடகை. வீட்டுக்காரர் ஒரு தனிச் செலவு. கல்யாணமாகாத, கணவர் கூட இல்லாத பெண்கள் நாலு பேர் என்றாலே கதவை மூடுகிற தெருக்கள் நிறைய. நோயைப் பற்றிச் சொல்வதா வேண்டாமா என்பதை அந்த வீட்டுப் பெண்கள் கூடித்தான் முடிவு செய்ய வேண்டும், நீங்கள் முந்திக்கொண்டு சொல்லாதீர்கள். இன்னொரு உண்மை: இப்படி ஆயத்தமாக நடக்கிற வீடு உங்கள் ஊரில் கிடைப்பது கடினம். ஒரே இல்லத்திலிருந்து ஒரே சமயத்தில் வெளிவரும் இரண்டு மூன்று பேர் சேர்ந்து, அந்த இல்லத்தின் சமூகப் பணியாளர் துணையோடு எடுக்கும் வீடுதான் அதிகம் நிலைக்கிறது.

## பெண்கள் விடுதியும் வெளிநோயாளி சிகிச்சையும்

வேலை இருக்கிறது, மனநோய் கட்டுக்குள் இருக்கிறது, ஆனால் வீடு சரியில்லை என்றால் இது நடைமுறையில் எளிது. தனியார் லேடீஸ் ஹாஸ்டல்கள் தவிர, வேலைக்குப் போகும் பெண்களுக்கான அரசின் தோழி விடுதிகளும் சில மாவட்டங்களில் இருக்கின்றன. யாரும் கண்காணிக்க மாட்டார்கள், அதுவே நல்லதும் கெட்டதும். தனிமையில் கூடும் மனச்சோர்வுக்கு இது ஆகாது. பூட்டிய கதவுக்குப் பின்னால் இரண்டு நாள் கிடந்தாலும் யாருக்கும் தெரியாது. மாலை ஆறு முதல் பத்து வரை என்ன செய்வார் என்பதற்குப் பதில் இருந்தால் மட்டும் இதைத் தேர்ந்தெடுங்கள்: இன்ன நாளில் ஏஏ கூட்டம், இன்ன நாளில் கவுன்சிலர், தினமும் ஒரு போன். உணவு நேரமும் மருந்து நேரமும் ஒத்துப்போகிறதா என்றும் பாருங்கள், வெறும் வயிற்றில் மருந்தைப் போட்டுவிட்டுத் தூங்குபவர்கள் அதிகம்.

## "இன்னும் மூன்று மாதம் அங்கேயே இருக்கட்டும்"

இதுவும் ஒரு தேர்வாகத்தான் சொல்லப்படுகிறது. மருத்துவர் மருத்துவக் காரணம் சொன்னால் சரி. வேறு இடம் கிடைக்கவில்லை, வீட்டில் கல்யாணம் வருகிறது, சொந்தக்காரர்கள் கேட்பார்கள் என்பதற்காக என்றால் கூடாது. குடும்பம் ஏற்கவில்லை, போக வீடில்லை என்ற காரணத்துக்காக மட்டும் ஒருவரை மனநல நிறுவனத்தில் வைத்திருக்கக் கூடாது என்று அதே 2017 சட்டம் சொல்கிறது.

## யாருக்கு எது

அடி உதையும் குடியும் உள்ள வீடு, நிலைக்காத மனநோய், முன்பே பலமுறை சரிவு: இடைநிலை இல்லம். இரண்டையும் பார்க்கிற இல்லம் உங்கள் ஊரில் இல்லையென்றால், மனநலம் தெரிந்த இல்லத்தில் சேர்த்து, வெளியே நடக்கும் ஏஏ கூட்டத்துக்குப் போய்வர அனுமதி வாங்குங்கள். போதை மட்டும் தெரிந்த இல்லத்தில் மனநல மருந்தைக் காப்பாற்றுவதைவிட இது எளிது.

கைக்குழந்தையும் அமைதியான பிறந்த வீடும் இருந்தால் வீடு, ஆனால் வேலைப் பங்கீட்டைப் பேசிவிட்டு.

இடைநிலை இல்லத்தில் சில மாதம் ஓடி, மருந்து நிலைத்து, கையில் ஏதோ ஒரு வருமானம் வரத் தொடங்கிவிட்டால் கூட்டு வீடு. இரண்டையும் அடுத்தடுத்த படிகளாக வைத்துக்கொண்டால் பல குழப்பங்கள் தீர்ந்துவிடும்.

வேலையும் நண்பர்களும் ஏற்கெனவே இருக்கிற, நோய் தெளிவாகக் கட்டுக்குள் இருக்கிறவருக்கு விடுதி.

இந்தப் பட்டியலோடு அவர் விருப்பம் மோதினால், உயிருக்கு உடனடி ஆபத்து இல்லாதவரை, அவர் பக்கம் சாயுங்கள். சம்மதமில்லாமல் சேர்த்த இடத்தில் அவர் மனதும் சேராது.

டிஸ்சார்ஜ் அன்று அவசரத்தில் விட்டுப்போகிற சில விஷயங்கள்: டிஸ்சார்ஜ் சுருக்கத்தில் இரண்டு நோயும் எழுதப்பட்டிருக்கிறதா, மருந்துகளின் பெயர் தெளிவாக இருக்கிறதா, அடுத்த சந்திப்பின் தேதி என்ன, போய்ச் சேரும் இல்லத்துக்கும் இந்த மருத்துவருக்கும் இடையே யார் பேசுவார்கள். ஒரு நகல் உங்களிடம், ஒரு நகல் இல்லத்திடம், மூலப் பிரதி அவரிடம். மனநல உதவிக்கு டெலி மானஸ் 14416, தமிழிலேயே பேசலாம். போதை பற்றிக் கேட்க 14446. வீட்டில் வன்முறை என்றால் 181. மூன்றையும் உங்கள் போனில் பதிவதற்கு முன்னால் அவருடைய போனில் பதிந்து கொடுங்கள்.